மீன் தொட்டி: வாங்குறதா, நாமே ஒட்டுறதா?

போன மாசம் சென்னையில இருக்கிற பேத்தி போன்ல கேட்டா, "தாத்தா, எனக்கு மீன் தொட்டி நீயே செஞ்சு தர்றியா?" பக்கத்துல இருந்த மாப்பிள்ளை, "எதுக்கு மாமா சிரமம்? கொளத்தூர் போனா ரெடியாவே கிடைக்கும்"னார். அவர் சொன்னது நியாயம்தான். அவங்க இருக்கிறது மாடியில வாடகை வீடு. தொட்டி ஒழுகினா கீழ்வீட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா?

எனக்கும் ஒரு பழைய பயம் உண்டு. பள்ளிக்கூடம் படிக்கிறப்போ அண்ணனும் நானும் இரும்பு ஆங்கிள்ல சட்டம் போட்டு, கண்ணாடி பதிச்சு, புட்டி அடைச்சு ஒரு தொட்டி செஞ்சோம். ஒரு வருசம் நல்லா இருந்துச்சு. மழைக்காலத்துல தண்ணியைக் கொட்டிட்டுத் திண்ணையிலிருந்து உள்ளே தூக்கி வச்சு, மறுபடி நிரப்பினோம். காய்ஞ்ச புட்டி மூலையில விட்டுப்போச்சு. விடியறதுக்குள்ள தண்ணி பூரா திண்ணையோரம் ஓடி, மீன் எல்லாம் செத்துக் கிடந்துச்சு.

இந்த வேலையை முதல்ல யார் செஞ்சான்னு தேடிப் படிச்சேன். 1832ல சிசிலித் தீவுல ழான் வில்ப்ரோ பவர்னு ஒரு பிரெஞ்சு அம்மா. பாரிஸ்ல துணி தைச்சவங்க. ஆர்கோநாட்னு ஒரு கடல் பிராணி தன் ஓட்டைத் தானே உண்டாக்குதா, வேற எதுகிட்டயாவது பிடுங்கிக்குதான்னு தெரிஞ்சுக்கத் தானே கண்ணாடித் தொட்டி செஞ்சு வளர்த்துப் பார்த்தாங்க. தானேதான் உண்டாக்குதுன்னு நிரூபிச்சாங்க. அவங்க கடைக்குப் போய் வாங்கியிருக்க முடியாது, அப்போ கடையே இல்ல.

அப்புறம் லண்டன்ல ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியல்காரர். 1849ல ஒரு தொட்டியில ரெண்டு தங்கமீனும், நாடா மாதிரி இலை நீளுற வாலிஸ்னேரியா செடியும் விட்டார். செடி காத்து குடுத்துச்சு, ஆனா அழுகின இலையால தண்ணி கலங்குச்சு. நத்தையை விட்டதும் தெளிஞ்சுது. குளத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதுசில்ல, ஆனா அதைக் கணக்கா எழுதி 1850ல வெளியிட்டது அவர்தான்.

பிரிட்டன்ல 1845லயே கண்ணாடி வரியை எடுத்துட்டாங்க. 1853ல லண்டன் மிருகக்காட்சி சாலையில மீன் வீடு திறந்தாங்க, அடுத்த வருசம் பிலிப் ஹென்றி கோஸ் 'தி அக்வேரியம்'னு புத்தகம் போட்டார். அதோட ஊரே பைத்தியமாச்சு. ஆல்ஃபோர்ட் லாய்டுன்னு ஒருத்தர் தொட்டி, கடல்தண்ணி, உயிர்கள் எல்லாத்தையும் விக்கிற கடையே வச்சார். வாங்கினவங்க கடற்கரைப் பாறைக் குட்டையையெல்லாம் வழிச்சு எடுத்துட்டாங்க. அப்பாவோட புத்தகத்தால வந்த அந்த அழிவைப் பத்தி, கோஸோட மகன் எட்மண்ட் 1907ல வருத்தப்பட்டு எழுதினார். நம்ம மெட்ராஸ் மெரினாவிலயும் 1909ல ஒரு மீன் காட்சிசாலை திறந்தாங்க, அது ரெண்டாம் உலகப்போர் சமயத்துல மூடிப்போச்சு.

அந்தக் காலத்துல யாருக்கும் தெரியாத ஒண்ணு இருந்துச்சு. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவைக் கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் நைட்ரேட்டா மாத்துது. 1877ல பிரான்ஸ்ல ரெண்டு பேர் அது உயிர் செய்யிற வேலைன்னு காட்டினாங்க. யூரியா போட்ட தோட்டத்து மண்ணுல நடக்கிறதும் இதேதான். புதுத் தொட்டியில அந்தக் கிருமி பெருக சில வாரம் ஆகும். அதுக்குள்ள மீனை நிறைய விட்டா சாகும். அதுக்குக் கடைத்தொட்டி, கைத்தொட்டின்னு வித்தியாசமே கிடையாது.

அதனால ஒழுகுறது ஒண்ணுதான் கேள்வி. இப்போ புட்டி இல்ல, சிலிகான் இருக்கு, காய்ஞ்சாலும் விடாது. பாத்ரூமுக்கு விக்கிற பூஞ்சை மருந்து கலந்தது மட்டும் கூடாது, மீனுக்கு விஷம். ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்துக்கு டவுன்ல கண்ணாடி வெட்டி வாங்கி, போன வாரம் ஒட்டினேன். புளிச்ச காடி வாசம் வீடு பூரா அடிச்சுது. வீட்டுக்காரி திட்டினா.

நிரப்பினா தண்ணி மட்டுமே ஐம்பது கிலோவுக்கு மேல. மாட்டுக்கொட்டகை மேடையில கீழ பழைய பேப்பர் விரிச்சு நிரப்பி வச்சிருக்கேன். இன்னைக்கு நாலாவது நாள், பேப்பர் காய்ஞ்சே இருக்கு. பத்து நாள் பார்த்துட்டுத்தான் மாப்பிள்ளைக்குப் போன் பண்ணுவேன். நடுவுல ஒரு சொட்டு கசிஞ்சாலும் கொளத்தூர்தான், பேத்திகிட்ட நானே சொல்லிடுவேன்.