எதிரொலி வந்த வழி

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் கிடக்கும் மணல்திட்டுகளில் சில இடங்களில் ஆளாழம்கூட இல்லை. ஆழம் பார்க்காமல் படகு விட்டால் தரை தட்டும். முன்பு கழி ஊன்றியும் ஈயக்குண்டு கட்டிய கயிறு இறக்கியும் பார்த்தார்கள். பிறகு வந்த கருவி, காதுக்கு எட்டாத ஒலியைக் கீழே அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்கிறது. மீன் கூட்டம் நின்றால் அதையும் காட்டுகிறது. அதே ஒலிதான் இன்று குறைமாதக் குழந்தையின் நெஞ்சிலும் இறங்குகிறது. ஆனால் நேர்வழியாக வரவில்லை.

1880இல் பிரான்சில் ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். முதல் உலகப் போரில் பியேரின் மாணவர் போல் லாஞ்சவன் அதைத் தலைகீழாக்கினார்: படிகத்தை மின்சாரத்தால் அதிரவைத்து, கடலுக்குள் ஒலி அனுப்பி நீர்மூழ்கிகளைத் தேடினார். போர் முடிந்தபின் அது மீன்பிடிக்கும் வந்தது, இரும்பில் வெடிப்புத் தேடும் தொழிற்சாலைக்கும் போனது.

தொழிற்சாலையிலிருந்து அதை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தவர்களில் முக்கியமானவர் கிளாஸ்கோவின் மகப்பேற்று வைத்தியர் இயன் டொனால்ட். 1955இல், அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கொதிகலன் செய்யும் ஒரு கம்பனிக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் வைத்தார்கள். நீர்க்கட்டி ஒருவிதமாகவும் சதைக்கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. 1958இல் 'லான்செட்' இதழில் அவருடைய கட்டுரை வந்தது. எனக்கு இதில் பிடித்த சங்கதி வேறு. அதற்கு முன் லண்டனில் டொனால்ட் செய்துகொண்டிருந்தது மூச்சுத் திணறும் பச்சைக் குழந்தைகளுக்கான சுவாசக் கருவி. அந்தக் குழந்தைகளின் நெஞ்சுக்கு அவருடைய ஸ்கேன் வந்துசேர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

தடுத்தது காற்று. காற்றைத் தொட்ட ஒலி பெரும்பாலும் அப்படியே திரும்பிவிடும் (மீனைக் காட்டிக்கொடுப்பதும் அதன் வயிற்றுக் காற்றுப்பைதான்). ஆகவே நுரையீரலுக்கு ஸ்கேன் உதவாது என்று பாடப்புத்தகங்கள் கைவிட்டிருந்தன. 1990களில் பிரெஞ்சுத் தீவிர சிகிச்சை வைத்தியர் டானியல் லிக்டென்ஸ்டைன் அந்தக் குறையையே படிக்கத் தொடங்கினார். காற்று நிறைந்த நுரையீரல் திரையில் கிடைக்கோடுகளாகத் தெரியும். நீர் கோத்தால் மேலிருந்து வெள்ளைக் கீற்றுகள் இறங்கும். 2008இல் இத்தாலியின் ரொபெர்தோ கொப்பெத்தி குழுவினர் குறைமாதக் குழந்தைகளில் இதைக் கண்டு எழுதினார்கள்.

குறைமாத நுரையீரலில் போதாமல் இருப்பது சர்ஃபக்டன்ட் என்ற பூச்சு. அது இல்லாவிட்டால் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக் இந்தக் குறையால் 39 மணி நேரத்தில் இறந்தபோது கொடுக்க மருந்து இருக்கவில்லை. 1980இல் ஜப்பானின் புஜிவாரா சர்ஃபக்டன்டையே மருந்தாகக் கொடுத்துக் காட்டினார். இன்றைய கேள்வி, யாருக்கு, எவ்வளவு சீக்கிரம் என்பது. முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் அதிகம்.

அதற்கு விடை தேடத்தான் ஸ்கேன். இன்குபேட்டரின் துவாரத்தால் கையை நுழைத்து, ஒலியை அனுப்பி வாங்கும் சின்னப் புரோபை, சூடாக்கிய ஜெல் தடவி நெஞ்சில் வைக்கிறார்கள். விலா எலும்புகளின் கறுப்பு நிழல். நடுவே மூச்சோடு வழுக்கும் வெள்ளைக் கோடு. பக்கத்துக்கு மூன்று இடம், இடத்துக்கு 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 18. புள்ளி ஏற ஏறக் காற்று குறைவு. கதிர்வீச்சு இல்லை, குழந்தையைத் தூக்கவும் வேண்டாம். எக்ஸ்ரேயை முழுதாக ஒதுக்கிவிட முடியாதுதான்.

ஏ14 வீதி தலைமன்னாரில் முடிகிறது. காலம் வருமுன் நோவு கண்ட தாய்க்கு மன்னார் ஆஸ்பத்திரி சுமார் 30 கிலோமீட்டர். அதற்கும் மேலே என்றால் யாழ்ப்பாணமோ அநுராதபுரமோ, 100 கிலோமீட்டரைத் தாண்டும் அம்புலன்ஸ் பயணம். குழந்தையின் நுரையீரலில் இருப்பது ஓரிரு நாளில் தானாக வற்றும் நீரா, மருந்து கேட்கும் நோயா என்று பிரித்தறிவது இங்கே கொழும்பைவிட அவசரமானது. தாய்மாருக்கு ஸ்கேன் பார்க்கும் இயந்திரம் உள்ள வைத்தியசாலையில் பாதி வேலை முடிந்தது. குழந்தைக்கேற்ற ஒரு புரோபும், இரவுப்பணியில் நிற்கும் வைத்தியருக்குப் பயிற்சியும்தான் மீதி. சுகாதார அமைச்சிடம் புதுக் கட்டடம் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.