மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சுவர்

நம் கல்லூரி மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் கருங்கல் சுவரை மறந்தவர்கள் இருக்க முடியாது. கல்லூரி வருவதற்கு முன்பே அங்கே இருந்த பழைய பங்களாவின் மதில் அது. அரியர் விழுந்தவனும் வேலை கிடைத்தவனும் சாய்ந்து உட்கார்ந்தது அங்கேதான். அந்தச் சுவருக்கு நானே ஒரு கெடுதல் செய்துவிட்டேன்.

2012-ல் பூச்சு உதிர்கிறது என்று பழுதுபார்க்கும் பொறுப்பை, படித்து முடித்துச் சில வருஷமே ஆகியிருந்த என்னிடம் கொடுத்தார்கள். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, "கிண்ணுன்னு இருக்கணும்" என்று சிமெண்ட் பூசச் சொன்னேன். மூன்றே மழைக்காலம். பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே உப்புப் பூத்து, கல் இடுக்குச் சாந்து மாவாகக் கொட்டியது. இடித்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது எனக்குத் தூக்கமே இல்லை.

காரணம் வரலாற்றில் இருந்தது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824-ல். நம் நாட்டில் 1904-ல் சென்னையில் தயாரித்துப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில்தான் உற்பத்தி காலூன்றியது. அதற்கு முந்தைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்பை நம்பியவை. பென்னிகுயிக் 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையே கருங்கல்லும் சுண்ணாம்பு சுர்க்கிச் சாந்தும்தான்!

சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட்டோ அடைத்துக்கொள்ளும். தரையிலிருந்து ஏறிய ஈரத்தின் உப்பு, பின்னாலிருந்தே பூச்சைத் தள்ளிவிடும். ஒரு முதிய கொத்தனார் இதையே ஒரு வரியில் சொன்னார்: "உள்ளே சுண்ணாம்பு, மேலே சிமெண்ட்டு. ரெண்டுக்கும் எப்படித் தம்பி ஒத்துப்போகும்?"

2016-ல் அவர் மேற்பார்வையில் மறுபடி தொடங்கினோம். சிமெண்ட்டை உளியால் பொறுமையாக எடுத்தோம். இடுக்குகளைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, சில்லுக்கல் செருகிச் சாந்து திணித்தோம். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. அதோடு கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். மெல்லிசாக இரண்டு பூச்சு. காய்ந்து வெடிக்காமல் ஈரச் சாக்குப் போர்த்திக் காத்தோம். கடைசியில் வெள்ளையடித்தோம். செலவும் நாளும் கூடத்தான் ஆயின. ஆனால் சுவர் இன்றும் நிற்கிறது.

மாணவத் தம்பி தங்கைகளே, பழைய கட்டடத்தில் கை வைக்கும் முன் அது எதனால் கட்டப்பட்டது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

நண்பர்களே, இந்த முறை வரும்போது ஒரு தடவை அங்கே சாய்ந்து உட்காருங்கள். சட்டையில் வெள்ளை ஒட்டினால் என்னைத் திட்டாதீர்கள்!