ஆட்டைக் கொன்ற செடி!

1952. ஸ்வீடனில் உள்ள லூண்ட் நகரம். பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற இளம் ஆராய்ச்சியாளருக்கு அன்று ஒரே எரிச்சல்!

முயலின் கால் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக, டைட்டானியத்தில் செய்த குட்டிக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். வேலை முடிந்தது. விலை உயர்ந்த கருவியாச்சே, கழற்றி அடுத்த முயலுக்கு வைக்கலாம் என்று பார்த்தால்... வரவே மாட்டேன் என்றது! எலும்பு வளர்ந்து அதை இறுகக் கட்டிப்பிடித்திருந்தது.

எரிச்சல் அடங்கியதும் பிரோனெமார்க்குக்குப் பொறி தட்டியது. எலும்பு ஓர் உலோகத்தைத் தனதாக ஏற்றுக்கொள்ளும் என்றால், பல்லில்லாத தாடையில் அதையே வேராக நட்டால் என்ன? 1965-ல் ஒரு நோயாளிக்கு டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். 2006-ல் அந்த மனிதர் இறக்கும்வரை, நாற்பது வருடங்களுக்கு மேல் அவை உழைத்தன. இன்று பல் டாக்டர் 'இம்ப்ளான்ட் வைக்கலாமா?' என்று கேட்கிறாரே, அதன் பூர்வீகம் இதுதான்.

'எனக்கு சர்க்கரை இருக்கே சார்?' என்கிறீர்களா? நியாயமான கவலை. ரத்தத்தில் சர்க்கரை ஏறியே கிடந்தால், அது எலும்பின் கொலாஜன் நாரில் போய் ஒட்டிக்கொள்கிறது. எலும்பு கட்டும் செல்கள் சோம்பேறியாகின்றன. சின்ன ரத்தக் குழாய்கள் பழுதாகின்றன. புண்ணில் கிருமி சுலபமாகக் குடியேறுகிறது. கட்டிப்பிடிக்க வேண்டிய எலும்பு, தயங்கி நிற்கிறது!

இதைச் சரிசெய்ய மருந்து தேடுகிறவர்களின் கண் செடிகள் மீது விழுந்திருக்கிறது. அந்தக் கதையின் மூத்த கதாநாயகி, கலேகா. ஊதாப் பூ பூக்கும் ஐரோப்பியச் செடி. அந்தக் கால வைத்தியர்கள் காய்ச்சலுக்கும் பாம்புக்கடிக்கும்கூட கொடுத்தார்கள். 1891-ல் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்துக்குத் தீவனப் பயிராகக் கொண்டுபோனார்கள். வந்தது வினை! அதை நிறையத் தின்னும் செம்மறி ஆடுகள் நுரையீரலில் நீர் கோத்துச் செத்துப்போகும். தீவனமாகப் போன செடி, கடைசியில் ஒழிக்க வேண்டிய களைகளின் பட்டியலில் சேர்ந்தது.

அந்த விஷத்துக்குள்தான் மருந்தும் ஒளிந்திருந்தது. கலேகாவில் உள்ள கலெஜின் ரத்தச் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால், உடம்பு தாங்கவில்லை. 1922-ல் டப்ளினில் வெர்னர், பெல் என்ற இரு வேதியியலாளர்கள், அதே ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பொருளைத் தயாரித்தார்கள். இன்சுலின் வந்து உலகமே அதன் பின்னால் ஓடிய நேரம் அது. இதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை! 1957-ல் பிரான்ஸின் ழான் ஸ்டெர்ன் என்ற டாக்டர்தான் அதை சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்து, பலனை எழுதினார். அமெரிக்கா அனுமதிக்க 1994 ஆனது. பெயர்? மெட்ஃபார்மின். உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவிலேயே இருக்கலாம்!

இதே மெட்ஃபார்மின் எலும்பு கட்டும் செல்களையும் தட்டி எழுப்புவதாகச் சோதனைக்கூடங்கள் சொல்கின்றன. டைட்டானியம் பொருத்திய எலிகளில் சில ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன; சிலவற்றில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. மஞ்சளின் கர்க்யூமின், திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால் ஆகியவையும் இப்படியே சோதனையில் இருக்கின்றன. 'இம்ப்ளான்ட் நிச்சயம் பிடிக்கும்' என்று மனிதர்களுக்கு வாக்குறுதி தரும் அளவுக்கு எதுவும் இன்னும் வளரவில்லை.

அதற்குள் யாராவது ஒரு பொடியை நீட்டி, 'மாத்திரையை நிறுத்துங்க, இது எலும்பையே வளர்க்கும்' என்றால் என்ன செய்வீர்கள்? மஞ்சள்தூளில் கர்க்யூமின் சுமார் மூன்று சதவீதம்தான். அதையும் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. செடி வேறு, செடியிலிருந்து பிறந்த மருந்து வேறு. இரண்டுக்கும் நடுவே பல வருட உழைப்பு இருக்கிறது.

ஆகவே, பல் டாக்டரிடம் போகும்போது மூன்று மாத சராசரி சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், உங்கள் எலும்பும் அந்த முயலின் எலும்பு மாதிரி, 'விடமாட்டேன்' என்று பிடித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு!