மெரிக் கார்லண்ட் நியமன முடக்கம் (2016)

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் காலியான ஓர் இடத்துக்கு அதிபர் பராக் ஒபாமா 2016 மார்ச் 16 அன்று நீதிபதி மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். குடியரசுக் கட்சியின் கையில் இருந்த செனட் அந்த நியமனத்தை 293 நாள் எடுத்துப் பார்க்காமலேயே காலாவதியாக விட்டது. விசாரணை அமர்வு நடக்கவில்லை, குழுவில் வாக்கெடுப்பு இல்லை, அவையில் விவாதமும் இல்லை. அமெரிக்காவில் நீதிபதி நியமனம் எப்படிக் கட்சிகளின் நேரடி மோதலாக ஆனது என்பதைப் புரிந்துகொள்ள விரும்புபவர் முதலில் படிக்க வேண்டிய நிகழ்வு இது.

பின்னணி

உச்ச நீதிமன்ற நீதிபதிகளை அதிபர் முன்மொழிய வேண்டும், செனட்டின் ஆலோசனையோடும் இசைவோடும் நியமிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது பிரிவு. எத்தனை நாளுக்குள் செனட் பதில் சொல்ல வேண்டும், பதிலே சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. இருநூறு ஆண்டுகளாக இந்த இடைவெளியை நிரப்பியவை மரபும் கூச்சமும்தான்.

1869 முதல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள். ஓய்வு வயது கிடையாது. ஆயுள் உள்ளவரை பதவி. கருக்கலைப்பு, துப்பாக்கி உரிமை, தேர்தல் நிதி, தொழிற்சங்கம் எனச் சமூகத்தைப் பிளக்கும் வழக்குகள் பலவும் அந்தக் காலத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிந்தவை. எனவே ஓர் இடம் காலியானால் ஒரு தலைமுறைக்கான தீர்ப்புகள் கைமாறும் வாய்ப்பு உண்டு. 2016 தொடக்கத்தில் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள் ஐந்து பேர், ஜனநாயகக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள் நான்கு பேர்.

அந்த ஐவரில் மூத்தவரான அன்டோனின் ஸ்காலியா பிப்ரவரி 13 அன்று மேற்கு டெக்சாஸில் ஒரு பண்ணை விடுதியில் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 79. ரீகன் காலத்தில், 1986இல், செனட் அவரை 98க்கு 0 என்று ஏற்றிருந்தது. தீவிர வலதுசாரி என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவருக்கு ஜனநாயகக் கட்சியினரும் வாக்களித்த காலம் அது.

நீதிமன்றத்தில் அவர் அமர்ந்த நாற்காலியையும் அதன் முன்னிருந்த மேசைப் பகுதியையும் கறுப்புக் கம்பளித் துணியால் போர்த்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வரும் துக்க வழக்கம் இது. அந்தத் துணி விரிக்கப்படும் முன்பே அரசியல் தொடங்கிவிட்டது. மரணச் செய்தி உறுதியான அன்றே, செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல், புதிய அதிபர் வரும்வரை இந்த இடத்தை நிரப்பக் கூடாது, மக்கள் தேர்தலில் சொல்லட்டும் என்று அறிக்கை விட்டார். ஒபாமா யார் பெயரையும் சொல்லியிருக்கவில்லை. அவருடைய பதவிக்காலத்தில் பதினோரு மாதம் மீதி இருந்தது. அன்றிரவு தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் நடந்த குடியரசுக் கட்சி வேட்பாளர் விவாதத்தில் டொனால்ட் டிரம்ப், எப்படியாவது தள்ளிப்போடுங்கள் என்று செனட்டைக் கேட்டுக்கொண்டார். பத்தே நாளில் செனட் நீதித்துறைக் குழுவின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பதினொருவரும், யார் வந்தாலும் விசாரணை அமர்வு கிடையாது என்று கடிதத்தில் கையெழுத்திட்டார்கள்.

முன்னுதாரணம் என்ற வாதம்

தேர்தல் ஆண்டில் நியமனம் கூடாது என்பது பழைய மரபு என்று மெக்கானல் தரப்பு சொன்னது. இரண்டு சான்றுகள் காட்டப்பட்டன. ஒன்று, 1968இல் லிண்டன் ஜான்சன் ஏப் ஃபோர்டாஸைத் தலைமை நீதிபதியாக்க முயன்றபோது நடந்த முட்டுக்கட்டை. ஆனால் ஃபோர்டாஸுக்குக் குழுவில் விசாரணை நடந்தது; அவையில் விவாதமும் நடந்தது; விவாதத்தை முடிப்பதற்கான வாக்கெடுப்பு 45க்கு 43 என்று போதாமல் போன பிறகே அவர் பின்வாங்கினார். மற்றொன்று, நீதித்துறைக் குழுத் தலைவராக இருந்த ஜோ பைடன் 1992 ஜூனில் செனட்டில் ஆற்றிய உரை. தேர்தல் முடியும்வரை நியமனத்தைத் தள்ளிவைப்பதே நல்லது என்று அவர் அதில் சொன்னது உண்மை. ஜனநாயகக் கட்சிக்கு அது தர்மசங்கடம்தான். ஆனால் அன்று காலியிடமே இல்லை. அதிபர் கலந்தாலோசித்தாலோ மிதவாதி ஒருவரைத் தந்தாலோ ஆதரிக்கலாம் என்றும் அதே உரையில் சொல்லியிருந்தார். ‘பைடன் விதி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. விதி எதுவும் இருந்ததில்லை.

எதிர்ச் சான்றுகள் வலுவானவை. 1916 தேர்தல் ஆண்டில்தான் லூயி பிராண்டைஸ் நியமிக்கப்பட்டார். கடும் எதிர்ப்புக்கு நடுவே 125 நாள் காத்திருந்தாலும் அவருக்கு வாக்கெடுப்பு கிடைத்தது. 1988 தேர்தல் ஆண்டின் பிப்ரவரியில், ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை இருந்த செனட், ரீகன் முன்மொழிந்த ஆன்டனி கென்னடியை 97க்கு 0 என்று ஏற்றது. அதே இடத்துக்கு முதலில் வந்த ராபர்ட் போர்க்கை 1987 அக்டோபரில் 58க்கு 42 என்று அது தோற்கடித்திருந்தது. போர்க்குக்கு நேர்ந்தது அநியாயம் என்று குடியரசுக் கட்சியினர் இன்றும் குமுறுவார்கள். ஆனால் அவர் நாட்டின் முன் அமர்ந்து நாள்கணக்கில் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். நூறு உறுப்பினர்களும் தம் பெயர் பதிவாகும்படி வாக்களித்தார்கள். கார்லண்டுக்கு மறுக்கப்பட்டது இந்த மரியாதைதான்.

வேட்பாளர்

ஒபாமாவின் இறுதிப் பட்டியலில் இருந்தவர்களில் ஒருவர் ஸ்ரீ சீனிவாசன். சண்டிகரில் பிறந்து கான்சஸில் வளர்ந்தவர்; அவருடைய தந்தைவழிப் பூர்வீகம் திருநெல்வேலிக்கு அருகே மேலத் திருவேங்கடநாதபுரம். 2013இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அவரை செனட் 97க்கு 0 என்று ஏற்றிருந்ததால் அவர் பெயர் பலமாகவே அடிபட்டது.

தேர்வானவர் கார்லண்ட். சிகாகோக்காரர், வயது 63, அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. 168 பேரைப் பலிகொண்ட 1995 ஒக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்பு வழக்கை நீதித்துறையில் இருந்து மேற்பார்வையிட்டவர். ஒரு தலைமுறைக்கு நீடிக்கும் இளம் நீதிபதியைத் தேடுவதே வழக்கமாகிவிட்ட காலத்தில் இந்த வயதுக்காரரைத் தந்ததே ஒரு சமரசம். நியமனத்துக்குச் சில நாள் முன்பு குடியரசுக் கட்சியின் மூத்த செனட்டர் ஓரின் ஹாட்ச், ஒபாமா நினைத்தால் கார்லண்ட் போன்ற நல்ல மனிதரைத் தரலாம், ஆனால் தரமாட்டார் என்று பேசியிருந்தார். தந்தபோது ஹாட்சும் அசையவில்லை. வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் அறிவிப்பு வந்த காலை, நன்றி சொல்ல மைக்கின் முன் வந்த கார்லண்டுக்குக் குரல் தழுதழுத்தது.

காத்திருப்பு

பிறகு அவர் செனட்டர்களின் அறைகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். முதலில் சந்தித்த குடியரசுக் கட்சிக்காரர் இல்லினாய்ஸின் மார்க் கிர்க்; மெய்னின் சூசன் காலின்ஸும் சந்தித்தார். பேசுவார்கள், கைகுலுக்குவார்கள், வாக்கெடுப்பு மட்டும் வராது. குழு கேட்காதபோதும் மே மாதத்தில் அவர் தம் வாழ்க்கைக் குறிப்புப் படிவத்தை நிரப்பித் தாமாகவே அனுப்பினார்.

கட்சிக் கட்டுப்பாடு எப்படி வேலை செய்தது என்பதற்கு கான்சஸ் செனட்டர் ஜெரி மோரன் நல்ல உதாரணம். ஊர்க் கூட்டமொன்றில் அவர், விசாரணை நடக்கட்டும், அது நம் வேலைதானே என்று சொல்லிவிட்டார். கார்லண்டை ஆதரிப்பதாகக்கூட அவர் சொல்லவில்லை. வலதுசாரி அமைப்புகள் உடனே கிளம்பின. அடுத்த உட்கட்சித் தேர்தலில் எதிராக ஆள் நிறுத்துவோம் என்ற மிரட்டல் வந்தது. சில நாளில் மோரன் தம் பேச்சிலிருந்து பின்வாங்கினார். சொந்தக் கட்சிக்காரர்களைக் கண்டு ஒரு செனட்டர் இவ்வளவு அஞ்ச நேர்ந்தது இந்தக் கதையின் வருத்தமான பகுதி.

நீதிமன்றம் எட்டுப் பேரோடு நடந்தது. ஆசிரியர் சங்கச் சந்தா வழக்கும், சட்டப்படி அங்கே வாழும் பிள்ளைகளை உடைய ஆவணமற்ற பெற்றோரை நாடுகடத்தாமல் விடும் ஒபாமாவின் திட்டம் குறித்த வழக்கும் நான்குக்கு நான்கு என்று முட்டி நின்றன. அப்படி நின்றால் கீழ் நீதிமன்றத்தின் முடிவே நிலைக்கும். குடியேற்றத் திட்டம் அதனால் முடங்கிக் கிடந்தது.

விளைவுகள்

காலியிடத்தைத் தேர்தல் பொருளாக்கியதில் டிரம்ப் பெரும் பயன் அடைந்தார். தாம் நியமிக்கப்போகும் நீதிபதிகளின் பெயர்ப் பட்டியலை 2016 மே மாதமே வெளியிட்டு, தம்மை நம்பத் தயங்கிய மத வலதுசாரிகளுக்கு உறுதி தந்தார். 2017 ஜனவரி 3 அன்று பழைய செனட்டின் காலம் முடிந்தது, கார்லண்டின் நியமனமும் அதோடு முடிந்தது. தேர்தலில் வென்று அதிபராகியிருந்த டிரம்ப் அம்மாத இறுதியில் நீல் கோர்சச்சை முன்மொழிந்தார்.

ஜனநாயகக் கட்சி அவரை ஃபிலிபஸ்டர் மூலம், அதாவது விவாதத்தை முடிக்கவிடாமல், தடுத்தது. அந்தத் தடையை உடைக்க 60 வாக்கு வேண்டும். கீழ் நீதிமன்ற நியமனங்களுக்கு இந்த 60 வாக்கு விதியை 2013 நவம்பரில் நீக்கியது ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட்தான். உச்ச நீதிமன்றத்துக்கும் அதை மெக்கானல் 2017 ஏப்ரல் 6 அன்று நீக்கினார். மறுநாள் கோர்சச் 54க்கு 45 என்று தேர்வானார். அதன்பின் எதிர்க்கட்சியின் ஒரு வாக்குகூட ஒரு நியமனத்துக்குத் தேவைப்படவில்லை. 2018இல் பிரெட் கவனா 50க்கு 48 என்று வந்தார்.

2020 செப்டம்பர் 18 அன்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தபோது தேர்தலுக்கு ஏழு வாரம்கூட இல்லை. மக்கள் சொல்லட்டும் என்ற வாதத்தை மெக்கானல் தரப்பு இம்முறை எழுப்பவில்லை. அதிபரும் செனட்டும் ஒரே கட்சி என்றால் அது பொருந்தாது என்று மெக்கானல் விளக்கம் தந்தார். தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, அக்டோபர் 26 அன்று, ஏமி கோனி பேரட் 52க்கு 48 என்று ஏற்கப்பட்டார். குடியரசுக் கட்சியில் எதிர்த்து வாக்களித்தவர் சூசன் காலின்ஸ் ஒருவரே. 2016இல் சொன்ன காரணம் கொள்கையா, சாக்கா என்ற கேள்விக்கு இந்த எட்டு நாளைவிடத் தெளிவான பதில் கிடையாது. டிரம்ப் நியமித்த மூவரும் 2022 ஜூன் 24 அன்று, 1973 முதல் நிலைத்திருந்த கருக்கலைப்பு உரிமையை ரத்துசெய்த தீர்ப்பில் பெரும்பான்மையோடு நின்றார்கள்.

கார்லண்ட் 2017 ஜனவரியில் தம் பழைய நீதிமன்றத்துக்கே திரும்பி வழக்குகளைக் கேட்கத் தொடங்கினார். 2021 மார்ச்சில் பைடன் ஆட்சியில் அட்டர்னி ஜெனரலாக அவரை செனட் 70க்கு 30 என்று ஏற்றது. ஆதரித்தவர்களில் மெக்கானலும் ஒருவர். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் வந்தார். அடுத்த ஆண்டு அவர், 53க்கு 47 என்ற வாக்கில், உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியானார்.