நஞ்சு ஒன்றன்று

பாம்பின் நஞ்சு பற்றிய ஆராய்ச்சியின் வரலாறு, ஒரு கனவு கலைந்த வரலாறே எனலாம். எல்லா நஞ்சுக்கும் ஒரே மருந்து என்பது அக்கனவு. படமுடையன, வட்டமுடையன, வரியுடையன எனப் பாம்புகளைச் சுசுருத சங்கிதை அன்றே வகை பிரித்தது. கடித்த பாம்பு எது என்று கேட்பது நாட்டு வைத்தியர்க்கும் வழக்கமே. ஆயினும் எவ்வகை விடத்தையும் முறிக்கும் மருந்தொன்று எங்கோ உண்டு என்ற நம்பிக்கை மக்களிடமும் மன்னரிடமும் நீங்காது நின்றது. ஐரோப்பாவில் விரியன் இறைச்சியையும் சேர்த்துச் செய்த லேகியம் ஒன்று பல நூற்றாண்டுகள் அவ்வாறு விற்பனையாயிற்று.

அந்நம்பிக்கையை முதலில் அசைத்தவருள் ஒருவர் இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி. நஞ்சு விரியனின் பித்தத்தில் இருக்கிறது என்றும், அதன் சினமே நஞ்சாகிறது என்றும் அறிஞர் வாதிட்ட காலம் அது. பல்லுறையிற் சுரக்கும் மஞ்சள் நிற நீரே நஞ்சு என்றும், அது குருதியிற் கலந்தாலன்றிக் கொல்லாது என்றும் 1664-இல் வெளியிட்ட நூலில் ரெடி காட்டினார். அவையில் விரியன் பிடிப்பவன் ஒருவன் அந்நீரைக் குடித்துக் காட்டி நலமாயிருந்தான். நூலறிஞர் ஐயுற்றதைப் பாம்பு பிடிப்பவன் முன்னரே அறிந்திருந்தான் என்பது கருதத்தக்கது. இவ்வரலாற்றில் அது மீண்டும் நிகழும்.

அடுத்த நூற்றாண்டில் ஆராய்ச்சி சோழமண்டலக் கரைக்கு வந்தது. கும்பினியின் இயற்கையாய்வாளராக விசாகப்பட்டினத்தில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல், பாம்புகளைத் திரட்டி, வரைவித்து, 1796-இல் பெருநூலாக வெளியிட்டார். அந்நாளில் 'தஞ்சாவூர் மாத்திரை' என்ற ஒன்று பாம்புக்கடிக்குத் தப்பாத மருந்து எனக் கும்பினி அதிகாரிகளிடையே பெயர் பெற்றிருந்தது. அதில் வெள்ளைப் பாஷாணம் முதன்மையான சரக்கு. ரஸ்ஸல் அதனை நாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தார். தப்பாத மருந்து என்ற புகழை அச்சோதனைகள் நிலைநாட்டவில்லை. கடிபட்டவர் எல்லோரும் இறப்பதில்லை. தானே பிழைத்தவனை மாத்திரை பிழைக்க வைத்ததாகச் சொல்லிவிடுவது எளிது. எண்ணிப் பார்க்கும் இந்தப் பழக்கமே அவர் விட்டுச் சென்ற பெரும் பொருள். கண்ணாடி விரியனின் அறிவியற் பெயரில் இன்றும் அவர் பெயர் வாழ்கிறது.

ஜோசப் பெயரர் 1872-இல் இந்திய நச்சுப் பாம்புகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். அவரும் லாடர் பிரன்டனும் பின்னர்ச் செய்த ஆய்வுகளில், நாகம் கடித்த விலங்கு மூச்சு நின்றே இறக்கிறது என்றும், செயற்கையாக மூச்சூட்டினால் இதயம் மேலும் நெடுநேரம் துடிக்கிறது என்றும் தெளிந்தது. விரியனின் நஞ்சோ குருதியைத் தாக்கிற்று. ஒரே சொல்லால் வழங்கியது ஒரே பொருளன்று என்பது ஏறத்தாழ வெளிப்பட்ட நேரம் அது.

ஆயினும் பழங்கனவு புதிய உடையில் திரும்பியது. 1891-இல் சைகோனில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட், வெள்ளத்தால் ஊருக்குள் புகுந்த நாகங்கள் நாற்பது பேரைக் கடித்ததை அடுத்து இவ்வாய்வில் இறங்கினார். சிறிது சிறிதாக நஞ்சு ஏற்றப்பட்ட விலங்கின் குருதிநீர் நஞ்சை முறிக்கும் என்று 1894-இல் அவர் அறிவித்தார். அதே நாளில் பாரிசில் பிசாலிக்சும் பெர்த்ராவும் அதனையே அறிவித்தனர். உண்மையான மாற்று மருந்து முதன்முறையாகக் கிடைத்தது. கால்மெட் அதனோடு நில்லாது, நாக நஞ்சால் ஆக்கிய தம் மருந்து எப்பாம்பின் நஞ்சுக்கும் பயன்படும் என்றார். பிற்காலத்தில் காசநோய்த் தடுப்பூசியைத் தந்த அப்பேரறிஞர் இதில் தவறினார். ஆஸ்திரேலியப் புலிப்பாம்பின் நஞ்சை அம்மருந்து அடக்கவில்லை என்று சி. ஜே. மார்ட்டின் காட்டினார். பிரேசிலில் விட்டல் பிரசில் தம் நாட்டுப் பாம்புகளுக்குத் தனித்தனி மருந்து ஆக்கினார். கண்ணாடி விரியன் நஞ்சுக்கு அது உதவாது என்பதை இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் உறுதி செய்தார். எந்த நஞ்சை ஏற்றினோமோ அதற்கும் அதன் நெருங்கிய இனத்துக்குமே குதிரையின் குருதி விடை சொல்லும்.

காரணம் பின்னரே விளங்கியது. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் இரசாயனத் தூது இறங்கும் இடத்தில் நாகத்தின் நஞ்சு முந்தி அமர்ந்துவிடுகிறது. முதலில் இமை சாய்கிறது. பிறகு நாக்குத் தடுமாறுகிறது. பிறகு மார்பு ஓய்கிறது. கட்டுவிரியன் நஞ்சு தூது புறப்படும் நரம்பு நுனியையே சிதைக்கிறது. தரையில் உறங்குவோரை இரவில், பெரும்பாலும் வலியின்றிக் கடிக்கும் பாம்பு இது. நுனி சிதைந்தபின் மருந்து அதனை மீட்பதில்லை, மூச்சுப் பொறியும் பொறுமையுமே வேண்டும். கண்ணாடி விரியன் நஞ்சு குருதி உறைதற்குரிய பொருள்களைச் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. கண்ணாடிக் குழாயில் எடுத்த குருதி இருபது நிமிடம் கழித்தும் உறையாதிருந்தால் மருத்துவர் அதனை அறிகிறார். இந்நஞ்சினையே சிறிதளவு தடவி, குருதி உறையாப் பிறவிநோய் உடையவரின் பல் பிடுங்கிய புண்ணில் கசிவை நிறுத்தலாம் என 1934-இல் இலண்டனில் மக்பார்லேனும் பார்னெட்டும் காட்டியது விந்தையே.

இந்திய மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஆக்கப்படுகிறது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதியைச் செங்கற்பட்டுப் பகுதி இருளர் தருகின்றனர். தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த அவர்களின் பிழைப்பு, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த தடைகளாலும் அற்றது. ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-இல் அவர்தம் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்து நஞ்செடுத்துக் காட்டிலேயே விடுகின்றனர். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவர்க்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தடம் பார்த்து வளையறியும் கல்விக்கு அது காலம் தாழ்ந்த மரியாதை.

ஆயினும் ஒரே இனத்தின் நஞ்சும் ஊருக்கு ஊர் மாறுகிறது. செங்கற்பட்டுப் பாம்பின் நஞ்சால் ஆன மருந்து, மேற்கிலும் வடகிழக்கிலும் உள்ள பாம்புகளுக்கு முன் தளர்வதை அண்மைய ஆய்வுகள் காட்டியுள்ளன. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். இம்மருந்தையே நெடுங்காலம் இறக்குமதி செய்துவந்த இலங்கையில், கண்ணாடி விரியன் குருதியைக் கெடுப்பதோடு இமைகளையும் சாய்க்கிறது. அங்கே வயலிலும் தோட்டத்திலும் பலரைக் கடிக்கும், மூக்கு மேனோக்கி எழுந்த சிறு விரியனோ அந்த நான்கினுள் ஒன்றன்று.