கூரைச் சூரிய மின்சாரமும் தாராபுரத்து அலுவலகக் கட்டடங்களும்

திருப்பூர் மாவட்டத்தில் அமராவதி ஆற்றங்கரையில் அமைந்த ஊர் தாராபுரம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றால் இவ்வட்டாரம் முதலில் காற்றாலைகளுக்கே பெயர் பெற்றது. கட்டடக் கூரைகளிலும் மின்சாரம் எடுக்கலாம் என்பது அரசின் கொள்கையாக வந்தது பின்னரே.

2010 சனவரியில் நடுவண் அரசு தேசியச் சூரிய ஆற்றல் இயக்கத்தைத் தொடங்கியது. 2012 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தனது சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. 2015-க்குள் 3,000 மெகாவாட் என்ற இலக்கில் 350 மெகாவாட் கூரைகளுக்கு உரியது. புதிய அரசுக் கட்டடங்களுக்குக் கூரைச் சூரிய அமைப்பு கட்டாயம் என்றும் அக்கொள்கை கூறியது.

ஒரு கட்டடத்துக்கு எத்தனை கிலோவாட் பொருந்தும் என்பதை நிழல் விழாத பரப்பைக் கொண்டே கணிக்க வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி தேவை. 2,000 சதுர அடி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, நடைவழி ஆகியவற்றுக்கும் அவற்றின் நிழலுக்கும் பாதி போய்விட்டால், மீதியில் 10 கிலோவாட் அமைக்கலாம். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் எனக் கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 14,600 யூனிட் கிடைக்கும்.

சோலார் தகடுகள் தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து வைக்கப்படுகின்றன. ஆயினும் தென்புற நிழலை மட்டும் பார்த்தால் போதாது. தாராபுரம் ஏறக்குறைய 10.7 பாகை வட அகலாங்கில் உள்ளதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் வடபுறமாக நிற்கும். அப்போது வடக்கே உள்ள தொட்டியும் தகட்டின் மேல் நிழல் வீழ்த்தக்கூடும். ஆடிக் காற்றைத் தாங்கும் அளவுக்குத் தாங்கு சட்டங்களும் உறுதியாக இருக்க வேண்டும்.

2013-இல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டரிங் முறைக்கு ஆணையிட்டது. கட்டடம் வாங்கிய யூனிட்டில் அது அனுப்பிய யூனிட் கழிக்கப்பட்டது. 2019-இல் வந்த முறையில், அனுப்பும் மின்சாரத்துக்குத் தனி விலை குறிக்கப்பட்டது. அது வாங்கும் விலையைவிடக் குறைவு. ஒப்பளிக்கப்பட்ட மின்பளுவுக்கு மேல் அமைக்கவும் அம்முறையில் இடமிருக்கவில்லை.

இம்மாற்றம் அலுவலகங்களின் கணக்கையும் மாற்றியது. மின்விசிறியும் கணினியும் பகலில் ஓடுவதால், வேலை நாட்களில் உற்பத்தி பெரும்பாலும் அங்கேயே செலவாகிவிடும். சனி, ஞாயிறு விடுமுறைகளில் உண்டாகும் மின்சாரமோ குறைந்த விலைக்கே வெளியே போகும். எனவே மாடியை அளப்பதற்கு முன், அலுவலகத்தின் பகல்நேர மின்செலவை ஓராண்டுக்குக் கணக்கிடுவது நலம்.