2147483647: ஒரு பகா எண்ணின் வரலாறு

2147483647 பத்து இலக்கங்கள் கொண்ட பகா எண். இந்திய வழக்கில் இது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. 2-இன் 31ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் இது கிடைக்கும். 2-இன் ஏதேனும் ஓர் அடுக்கைவிட 1 குறைவாக உள்ள பகா எண்கள் மெர்சென் பகா எண்கள் எனப்படுகின்றன. 3, 7, 31, 127, 8191, 131071, 524287 ஆகியவற்றை அடுத்து எட்டாவதாக நிற்பது இது.

இத்தகைய எண்களைத் தேடும் ஆர்வம் கிரேக்கத்தில் பிறந்தது. ஓர் எண்ணின் வகுத்திகளை, அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினால் அதே எண் வருமானால் அது நிறைவெண். 1, 2, 3 கூடி 6 ஆவது எளிய சான்று. மெர்சென் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று கி.மு. 300 அளவில் யூக்ளிட் நிறுவினார்.

இத்தாலியரான கட்டால்டி, வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து 524287 பகா எண் என உறுதிசெய்தார். பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் 31ஆம் அடுக்கும் இடம்பெற்றது. ஆனால் அவர் அதற்கு நிரூபணம் தரவில்லை. அந்தப் பட்டியலில் இருந்த 67, 257 ஆகிய அடுக்குகள் தவறானவை என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

நிரூபணம் கணிதர் ஆய்லரிடமிருந்து வந்தது. பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்த நிலையில், 1772-இல் சக கணிதர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் இம்முடிவை அவர் அறிவித்தார். இந்த எண்ணின் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றுத் தாண்டும். கட்டால்டியின் வழியில் சென்றால் ஏறத்தாழ 4,800 பகா எண்களால் வகுக்க வேண்டும். ஆய்லரோ இதற்குப் பகாக் காரணி இருக்குமானால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க முடியும் என்று கண்டார். சோதிக்க வேண்டிய எண்கள் அதிகபட்சம் 372 ஆகச் சுருங்கின. அவற்றுள் எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் பட்டியலில் வெறும் கூற்றாக நின்றதைச் சில நூறு வகுத்தல்களில் உண்மையாக்கியது தேர்ந்த சிந்தனையின் வெற்றி.

2147483647-இலிருந்து பிறக்கும் எட்டாவது நிறைவெண் 2305843008139952128. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை எவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று ஆங்கிலக் கணிதர் பீட்டர் பார்லோ 1811-இல் எழுதினார். பயனில்லாத ஒன்றுக்கு யார் உழைப்பார் என்பது அவர் எண்ணம். 1876-இல் எதுவார் லூகா, 2-இன் 127ஆம் அடுக்கில் 1 குறைந்த 39 இலக்க எண் பகா எண் எனக் காட்டியபோது அந்தக் கணிப்பு பொய்த்தது. அறியப்பட்ட மிகப்பெரிய பகா எண் என்ற இடத்தை 2147483647 அதற்கு முன்பே இழந்திருந்தது.

இதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இதன் அடுக்கான 31-உம் மெர்சென் பகா எண்தான். இப்படி இரட்டைத் தகுதி பெற்றவையாக இதுவரை அறியப்பட்டவை நான்கே: 7, 127, 2147483647, லூகாவின் எண்.

கணினியில் குறியுள்ள 32 பிட் முழு எண்ணின் உச்ச மதிப்பும் இதுவே. யூனிக்ஸ் முறையில் நேரம் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளாக எண்ணப்படுகிறது. அதை 32 பிட்டில் சேமிக்கும் கணினிகளில், 2038 ஜனவரி 19 அன்று உலகப் பொது நேரம் 03:14:07-க்கு அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடும். அடுத்த நொடியைப் பதிய இடமிருக்காது. அதனால்தான் நேரக் கணக்கு 64 பிட்டுக்கு மாற்றப்பட்டு வருகிறது.